சுரங்க ஆஸ்பத்திரியும் காப்பீட்டுப் பத்திரமும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் பிரயாணம் செய்வோர், ஊர்காம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து செல்வர். அப்பெயர்கள் ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்ற தங்கச் சுரங்கங்களின் பெயர்கள். இன்று அதே பாதையில் காலை வண்டி ஏறும் தங்கவயல் இளைஞர்களுள் பெரும்பாலோர் பெங்களூரில் பணிபுரிபவர்கள். அவர்களுடைய பாட்டனார் சுரங்கத்தில் இறங்கினார். பேரன் பலமாடிக் கட்டடத்தில் மின்தூக்கி ஏறுகிறான். பாட்டனாரிடம் கம்பெனி ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது. பேரனிடம் தனியார் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றுதான் என்று நம்மில் பலர் கருதுகிறோம். அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை, திருமணமாகிச் சில ஆண்டுகள் கழிந்தும் மகப்பேறு வாய்க்காத தம்பதிகள் மருத்துவரை நாடும் வேளையிலேதான் உணர்கின்றனர். அவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதைத் தங்கவயலின் வரலாற்றைக் கொண்டே இங்கு ஆராய்வோம்.

மைக்கேல் லவெல் என்னும் ஐரிஷ் படைவீரர் மைசூர் அரசாங்கத்தாரிடம் சுரங்க உரிமை பெற்றது 1875-ஆம் ஆண்டில். 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே தொழில் விரிவடைந்தது. சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-இல் மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற ஏழை மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தமிழர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது என்றால், அதனைத் தோண்டிய கைகள் இவர்களுடைய கைகளே.

பாறைத் தூசி நுரையீரலில் படிந்து விளையும் சிலிகோசிஸ் என்னும் நோய் இந்நாட்டில் முதன்முதலில் விரிவாக ஆராயப்பட்ட இடங்களுள் கோலாரும் ஒன்று. 1940-களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அங்குப் பரிசோதிக்கப்பட்டனர். சிலிகோசிஸ் கண்டவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். நெருக்கமான லைன் வீடுகளில் அக்காசம் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுதலும் எளிது. இஃது மக்கட்பேற்றோடு எவ்வாறு தொடர்புடையது எனில், காசக் கிருமி பெண்ணின் கருக்குழாய்களையும் தாக்கி அடைத்துவிடக் கூடும். இருமலும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல், உள்ளே மறைந்திருந்து கருவைத் தடுக்கும் இந்நோய், நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குரிய முக்கியக் காரணங்களுள் ஒன்று என மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவ்வாறு நோயினால் குழாய் அடைபட்ட ஒரு பெண்ணை ஊரார் ‘மலடி’ என்று ஒதுக்கிய கொடுமை எத்தனை லைன்களில் நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

கம்பெனி நடத்திய ஆஸ்பத்திரியில் தொழிலாளிக்கும் அவன் குடும்பத்துக்கும் சிகிச்சை இலவசம். தங்கவயலில் பிறந்தவர்கள் பலர் தாம் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்ததை இன்றும் பெருமையுடன் சொல்வர். அங்கே வெள்ளைக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே வேற்றுமை இல்லாமல் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும், ‘உமது நோய் எமது பட்டியலில் உண்டா?’ என்று வாயிலில் எவரும் கேட்கவில்லை. வயிற்று வலி என்று வந்தாலும், பிள்ளை இல்லை என்று வந்தாலும், முதலில் மருத்துவர் பார்ப்பார். காரணம் பின்னர் தெரியும்.

இந்திய அரசாங்கம் தொழிலாளர் நலத்துக்கென ஒரு பொதுக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்க எண்ணி, பேராசிரியர் அடார்க்கரிடம் ஆய்வை ஒப்படைத்தது. அவருடைய அறிக்கை 1944-இல் வெளியாயிற்று. அதனை அடியொற்றி 1948-இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. சட்டம், இயற்றப்பட்டது, 1952 பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலைகளை நோக்கியது. சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட சுரங்கங்கள் அதன் எல்லைக்குள் வரவில்லை. ஆதலின் தங்கவயல் தொழிலாளிக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியே துணையாக நின்றது. வேலை உள்ளவரை ஆஸ்பத்திரி உண்டு. வேலை போனால் அதுவும் இல்லை. இக்குறைபாட்டின் கடுமை பின்னரே விளங்கிற்று.

இனி, காப்பீட்டின் வரலாற்றையும் சுரங்கத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 1956-ஆம் ஆண்டில் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. அதே ஆண்டில் மைசூர் அரசாங்கம் கோலார் சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசாங்கத்தின் வசம் சென்றன. 1972-இல் பொதுக் காப்பீட்டை நாட்டுடைமையாக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவாயிற்று. 1999-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்து, 2000-இல் தனியார் கம்பெனிகள் மீண்டும் இத்துறையில் நுழைந்தன. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் தங்கவயலில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொது உடைமை என்னும் கதவு ஒருபுறம் அடைபட்ட வேளையில், தனியார் காப்பீடு என்னும் கதவு மறுபுறம் திறந்தது. ஆஸ்பத்திரியும் நாளடைவில் பாழடைந்தது. 2021-இல் கொரோனா நோய் பரவியபோது தன்னார்வலர்கள் திரண்டு அதனைத் துப்புரவு செய்து நோயாளிகளுக்காகத் திறந்தது, அவ்வூர் மக்களின் பற்றுக்குச் சான்று.

மகப்பேற்று மருத்துவமும் இக்காலத்தில் பெருமாற்றம் அடைந்தது. 1978 ஜூலை 25-ஆம் நாள் இங்கிலாந்தில் உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயரின் முயற்சியால் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் வாழ்ந்த காலத்தில் அவருடைய சாதனை ஏற்கப்படவில்லை; 1981-இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986 ஆகஸ்ட் 6-ஆம் நாள் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் துணையால் ஒரு குழந்தை பிறந்தது. 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் தென்னாட்டின் முதற் குழந்தையை இம்முறையில் பிறக்கச் செய்தார்.

அந்த 1986-ஆம் ஆண்டிலேதான் ‘மெடிகிளைம்’ என்னும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அரசாங்கப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளால் தொடங்கப்பட்டது. ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. நோயுற்று மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறும் செலவை ஈடுசெய்வதே மெடிகிளைமின் நோக்கம். குழந்தை இல்லாமை ஒரு நோய் என்றோ, அதனை ஆராய்தல் ஒரு சிகிச்சை என்றோ அது கருதவில்லை.

காரணம் யாது? காப்பீடு என்பது பலர் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, எவருக்கு எதிர்பாராத இடர் நேர்கிறதோ அவருக்கு உதவும் ஏற்பாடு. நம்மவர் நன்கறிந்த சீட்டையே உவமையாகக் கொள்வோம். முதல் மாதமே பணம் எடுக்கவேண்டியவர்கள் மாத்திரம் ஒரு சீட்டில் சேர்ந்தால், அச்சீட்டு நடக்குமா? அதுபோலவே, குழந்தைக்காகச் சிகிச்சை பெற முடிவு செய்தவர்களே பாலிசி வாங்குவர் எனக் கம்பெனிகள் அஞ்சுகின்றன. அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. எனினும், அனைவரையும் ஒரே குடையின் கீழ்க் கொணர்ந்தால் அச்சத்துக்கு இடமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1987-இலேயே, காப்பீட்டுக் கம்பெனிகள் இச்சிகிச்சையை உள்ளடக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. இஸ்ரேல் நாடு இரண்டு குழந்தைகள் பிறக்கும் வரை செலவைப் பொது நிதியிலிருந்தே ஏற்கிறது.

நம் நாட்டிலோ, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் விலக்குகளை ஒரே வாசகத்தில் எழுதவேண்டுமென விதித்தது. அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். நான்காம் எண்ணுடைய விலக்கு, நோய் யாதெனக் கண்டறிவதற்காக மாத்திரமே மருத்துவமனையில் சேரும் செலவு கிடையாது என்கிறது. பதினேழாம் எண்ணுடைய விலக்கு, மலட்டுத்தன்மை, குடும்பக் கட்டுப்பாடு, செயற்கைக் கருவூட்டல், சோதனைக் குழாய் முறை, வாடகைத்தாய் முதலியவற்றின் செலவு கிடையாது என்கிறது. பரிசோதனைக்கு ஒரு பூட்டு. சிகிச்சைக்கு மற்றொரு பூட்டு. ஏழைகளுக்காக 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் கருவுறுதல் தொடர்பான சிகிச்சைகள் சேர்க்கப்படவில்லை. 2021-ஆம் ஆண்டுச் சட்டம், கருமுட்டை தானம் செய்யும் பெண்ணுக்குப் பன்னிரண்டு மாதக் காப்பீட்டைத் தம்பதிகள் எடுத்துத் தரவேண்டும் என்று நன்கு விதித்தது. ஆனால் அத்தம்பதிகளின் செலவுக்கு அது வழி சொல்லவில்லை.

அவ்வாறாயின் பேரனும் அவன் மனைவியும் செய்யத்தக்கது யாது? ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காவிடில், மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரை அணுகவேண்டும். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் இக்குறையை அனுபவிக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெரிவித்தது; ஆதலின் இதில் வெட்கத்துக்கு இடமில்லை. ஏறத்தாழப் பாதித் தம்பதிகளிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. ஆணுக்குரிய விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது, செலவும் குறைவு. அதனைச் செய்யாமல் பெண்ணை மட்டும் எக்ஸ்ரேக்கும் அறுவைக்கும் உட்படுத்துதல் அறிவுடைமையன்று. அரச மரத்தைச் சுற்றி அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த பழமொழியில் கணவனுக்கு இடமே இல்லை. இக்கால மருத்துவத்தில் அவனுக்கும் இடம் உண்டு.

இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே ஆகியவை பெரும்பாலும் புறநோயாளி நிலையிலேயே முடிவன. அவற்றைக் கைப்பணத்திலிருந்தே செய்யவேண்டியிருக்கும். அரசாங்க மருத்துவமனைகளை நாடினால் இச்செலவு வெகுவாகக் குறையும். பெங்களூரில் 1935-இல் திறக்கப்பட்ட வாணி விலாஸ் மருத்துவமனையும், சென்னை எழும்பூரில் 1844 முதல் விளங்கும் மகப்பேறு மருத்துவமனையும் நம் பெண்மக்கள் தலைமுறை தலைமுறையாக நம்பிச் சென்ற இடங்கள். காசநோய் காரணமெனத் தெரிந்தால், அதற்குரிய மருந்தை அரசாங்கம் இலவசமாக வழங்குகிறது.

ஆராய்ச்சியில் கருப்பைக் கட்டியோ, சூலகக் கட்டியோ, எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோயோ கண்டால், அவை தனி நோய்கள். உரிய காத்திருப்புக் காலம் கழிந்திருப்பின் அவற்றின் அறுவைச் செலவைக் கோர இடமுண்டு. ஆனால் மருத்துவமனைக் குறிப்பில் ‘குழந்தையின்மைக்காக’ என்று மட்டும் எழுதியிருந்தால், கம்பெனி மறுக்க அது போதும். எனவே நோயாளிக்கு உண்மையில் உள்ள வலி, இரத்தப்போக்கு, கட்டியின் அளவு ஆகிய அனைத்தையும் மருத்துவர் முழுமையாக எழுதுமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லாததை எழுதச் சொல்லுதல் குற்றம். அது பிற்காலத்தில் பாலிசி முழுவதையுமே இழக்கச் செய்யும். பாலிசி வாங்கும்போது முன்னரே பெற்ற சிகிச்சையை மறைப்பதும் அத்தகையதே.

சில தனியார் கம்பெனிகள் அண்மைக் காலத்தில், காத்திருப்புக் காலம் விதித்து, வரையறுத்த ஒரு தொகை வரை இச்சிகிச்சைக்கு இடம் தருகின்றன. பணிபுரியும் நிறுவனம் ஊழியர்களுக்காக எடுக்கும் கூட்டுப் பாலிசியிலும் சில வேளைகளில் இவ்வுரிமை இருக்கும். அஃது உண்டா என்று கேட்டறிவது ஊழியரின் உரிமை. தொழிற்சங்கங்களும் ஊர்ச்சங்கங்களும் சம்பள உயர்வைக் கோருவது போலவே இதனையும் கோரலாம்; குழுவாகக் கேட்டால் கிடைப்பது தனியாகக் கேட்டால் கிடைப்பதில்லை என்பதைத் தங்கவயல் தொழிலாளி நன்கறிந்தவன்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்குப் பயன்படும் ஒரு செய்தியும் உண்டு. பாலிசியின் சாரத்தை எளிய நடையில் தரும் தகவல் தாளை வழங்குவது 2024 ஜனவரி முதல் கம்பெனிகளின் கடமையாயிற்று. விரும்புவோர் அதனை வட்டார மொழியிலும் கேட்கலாம். ஆங்கிலப் பத்திரத்தில் கையொப்பமிட்டுப் பின்னர் வருந்துவதைக் காட்டிலும், முன்னரே அத்தாளைக் கேட்டு வாங்கி, விலக்குகளைக் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்தல் நலம். பாலிசி கைக்கு வந்த முப்பது நாட்களுக்குள், பிடிக்காவிடில் திருப்பித் தரவும் விதி இடம் அளிக்கிறது. கோரிக்கை அநியாயமாக மறுக்கப்பட்டால், முதலில் கம்பெனிக்கு எழுதி முறையிட வேண்டும். அதன் பின்னும் நியாயம் கிடைக்காவிடில், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

சுரங்கம் மூடிய நாளில் நம்மவர் இழந்தது வேலையை மட்டுமன்று. கேள்வி கேட்காமல் திறந்த ஒரு கதவையும் இழந்தனர். அதற்கு ஈடாகக் கிடைத்த பத்திரத்தில் எது உண்டு, எது இல்லை என்பதை அறியாமல் இருத்தல் இனியும் தகாது. மகப்பேற்றை எதிர்நோக்கியிருக்கும் இளந்தம்பதிகள் கோவிலுக்கும் செல்லட்டும், மருத்துவரிடமும் செல்லட்டும், இருவருமாகவே செல்லட்டும். பெரியோர்கள் அவர்களைக் குறை கூறாமல் துணை நிற்பார்களாக என்பதே நம் வேண்டுகோள்.