பொழுதுபோக்கு என்று ஒரு சொல்

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து படித்த மாணவி ஒருத்தி ஒருநாள் தன் பழைய மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். பிளஸ் டூ படித்தபோது அவளுடைய அக்காவுக்கு அரசு கொடுத்தது. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகள் பெயர்ந்திருந்தன. திரையில் மைன்டெஸ்ட் என்ற கட்டற்ற விளையாட்டு. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் விளையாட்டு அது. அதற்குள் தன் ஊர்க் குடைவரைக் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தை, குதிரைகள் இழுக்கும் தேர் போன்ற அதே அமைப்பில், எழுப்பியிருந்தாள். அங்கே நடமாடும் ஆண் உருவத்தை எடுத்துவிட்டுத் தலையில் சும்மாடு வைத்த பெண்ணை நிறுத்தியிருந்தாள்.

"இதுக்கு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"சும்மா பொழுதுபோக்குக்குத்தாம்மா" என்றாள்.

நான் கேட்டது நாள்கணக்கு. அவள் தந்தது மன்னிப்பு. அந்த மன்னிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு.

ஒருவர் உருவாக்கிய கணினி விளையாட்டின் விதியையோ உருவங்களையோ ஆடுபவரே திருத்திக்கொள்வதை 'மாட்' என்கிறார்கள். பெயர்தான் புதிது. பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, கையில் புளியங்கொட்டையோ சோழியோ. குழிக்கு ஐந்து காயா, ஆறா, பன்னிரண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும். நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளுவது ஒரு விதி. எதிரே ஆள் இல்லாதவள் தனியே ஆடுவதற்குச் சீதைப் பாண்டி. இந்த மாற்றங்களைச் செய்த பெண்களில் ஒருத்தியின் பெயரும் நம்மிடம் இல்லை. ஆட்டம் வந்து சேர்ந்தது, ஆக்கியவள் வந்து சேரவில்லை.

கோலத்துக்கும் இதே கதிதான். ஆனால் அங்கே ஒரு திருப்பம் நடந்தது. 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் புள்ளிக் கோலங்களைக் கணினியியலின் வடிவ இலக்கணத்தோடு இணைத்து ஆராய்ந்தார்கள். 1974இல் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிறு வடிவம் ஒன்றை விதிப்படி திரும்பத் திரும்ப விரித்துப் பெரிய கோலமாக்கும் முறை, கணிதமாக எழுதக்கூடிய முறை என்று அவர்கள் காட்டினார்கள். வாசல் தெளித்துக் குனிந்த பெண்கள் நெடுங்காலமாகக் கையில் வைத்திருந்தது அதுதான்.

பிற நாட்டிலும் கணக்கு பெரிதாக மாறவில்லை. நிலக்கிழார்கள் வாடகையால் கொழுப்பதை விளக்க லிஸி மேகி என்ற அமெரிக்கப் பெண் ஒரு பலகை விளையாட்டை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். அது வீடுவீடாகக் கைமாறியது. ஆடியவர்கள் விதிகளை மாற்றிக்கொண்டே போனார்கள். அப்படி மாறிய ஒரு வடிவத்தை சார்லஸ் டாரோ தன்னுடையதாகச் சொல்லி 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றார். அதுதான் மோனோபாலி. டாரோவுக்குச் செல்வமும் புகழும் சேர்ந்தன. மேகியின் காப்புரிமைக்கு 500 டாலர், விற்பனையில் பங்கு கிடையாது.

இதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு கல்லூரி மாணவர்கள் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றி 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' செய்தார்கள். மறு ஆண்டே வால்வ் நிறுவனம் அதை வாங்கி வெளியிட்டது. அவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆணின் பொழுதுபோக்கு தொழிலுக்குப் போகும் படிக்கட்டாவதும், பெண்ணின் பொழுதுபோக்கு வேலை முடிந்த பிறகு கிடைத்த மிச்சமாகவே நிற்பதும் தற்செயல் அல்ல என்கிறேன். போக்குவதற்கு முதலில் பொழுது வேண்டும். பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்து, தம்பிக்குச் சோறு போட்ட பிறகு மிஞ்சுவதைப் பொழுது என்று சொல்ல முடியுமா?

ஆனால் இதே புதுக்கோட்டை மாவட்டம் வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 1991இல் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளில் ஏறியவர்கள், அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். வேறு யாருக்கோ செய்த பொருளைத் தன் வாழ்க்கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. சைக்கிள் அவர்களுக்குச் சந்தைக்கும் வேலைக்கும் வகுப்புக்கும் பிறர் தயவில்லாமல் போகும் வழியானது.

சைக்கிளுக்குப் பிறகு மடிக்கணினி வந்தது. அக்காவின் மடிக்கணினி தங்கையின் பட்டறையாகியிருக்கிறது.

மாணவியிடம் மறுபடி கேட்டேன். இம்முறை விரல்விட்டு எண்ணினாள். "ஏழு மாசம்மா. ராத்திரி பத்து மணிக்கு மேலதான்." கோப்பு ஒன்றைத் திறந்து தன் மாட்டின் விவரங்களைக் காட்டினாள். பெயர் இருந்தது, விளக்கம் இருந்தது. ஆக்கியவர் பெயருக்கான வரி மட்டும் காலியாக இருந்தது.

"இதை நிரப்பு" என்றேன். விசைப்பலகையில் இல்லாத எழுத்துகளில் ஒன்று அவள் பெயரில் இருந்தது. அதன் இடத்தில் தெரிந்த ரப்பர் முனையை விரல்நுனியால் அழுத்தி, எழுதி முடித்தாள்.