கடனும் சிறையும்: இந்திய வணிகக் கடன் வழக்குகள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வணிகம் நம்பிக்கையின்மேல் நடப்பது. அந்நம்பிக்கை பொய்க்கும்போது வணிகர் நீதிமன்றத்தை நாடுகின்றனர். பிராது, டிக்ரி, ஜப்தி, வாரண்டு எனத் தமிழர் பேச்சில் கலந்துவிட்ட சொற்கள் இவ்வழக்கத்தின் பழமையைக் காட்டும். கடனைத் திருப்பித் தராதவரைச் சிறையிடலாமா என்னும் வினாவுக்கு இந்தியச் சட்டம் காலந்தோறும் அளித்த விடைகளை இக்கட்டுரை ஆராய்கின்றது.

உரிமையியல் சிறை

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், டிக்ரித் தொகையைப் பெறுவதற்கு ஜப்தி, ஏலம் ஆகியவற்றோடு கடனாளியைச் சிறையிடும் வழியையும் வைத்திருந்தது. பணத்திற்கான டிக்ரியில் பெண்களுக்குக் கைதிலிருந்து விலக்கு அளித்தது. 1936ஆம் ஆண்டுத் திருத்தம், வசதியிருந்தும் செலுத்த மறுப்பவர், சொத்தை மறைப்பவர் முதலியோருக்கே சிறை என வரம்பிட்டது. அவ்வசதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவரைச் சார்ந்தது. 1980இல் கொச்சி வங்கி தொடர்பான வழக்கில் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர், செலுத்த இயலாமை மட்டுமே ஒருவரைச் சிறையிடக் காரணமாகாது எனத் தீர்ப்பளித்தார்.

காசோலையும் குற்றமும்

எட்டாண்டுகளில் நிலைமை மாறியது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் 138ஆம் பிரிவைச் சேர்த்தது. 1989 ஏப்ரல் 1 முதல், கடனுக்காகத் தந்த காசோலை கணக்கில் போதிய பணமின்றித் திரும்புவது குற்றமாயிற்று. அறிவிப்புக் கிடைத்த 15 நாட்களுக்குள் தொகையைச் செலுத்தினால் வழக்கில்லை. ஓராண்டாக இருந்த சிறைத்தண்டனையின் உச்ச வரம்பு 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஈராண்டாயிற்று. காசோலை கடனைத் தீர்ப்பதற்காகவே பெறப்பட்டது எனச் சட்டம் அனுமானிப்பதால், அதனைப் பொய்ப்பிக்கும் பொறுப்பு காசோலை தந்தவரைச் சார்ந்தது. உரிமையியல் சிறையில் கடன் கொடுத்தவர் தோளில் இருந்த சுமை இங்கு கடனாளியின் தோளுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

விரைவு நாடிய வணிகர் இவ்வழியில் குவிந்தனர். 2019ஆம் ஆண்டின் இறுதியில் நிலுவையிலிருந்த 2.31 கோடிக் குற்றவியல் வழக்குகளுள் ஏறத்தாழ 35 லட்சம் காசோலை வழக்குகளாக இருந்தமையை உச்ச நீதிமன்றம் 2021இல் சுட்டியது. விரைவுக்காகத் திறந்த வாயில் நெரிசலால் அடைபட்டது.

முடிவுரை

சரக்கைக் கடனாகத் தந்துவிட்டுக் காத்திருக்கும் சிறுவணிகரும் பிறருக்குக் கடன்பட்டவரே. அவருடைய தவிப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் சிறையச்சத்தால் வசூலாகும் கடன், ஏய்ப்பவரிடமிருந்து வந்ததா, இயலாதவர் மேலும் கடன்பட்டுத் தந்ததா என்பதைக் காசோலை சொல்லாது. அவ்விருவரையும் பிரித்தறிவதே 1936ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்கம். காசோலை வழக்குகளிலும் அந்நோக்கம் மீளப் பெறவேண்டியது என்பதே இவ்வாய்வால் பெறப்படும் முடிபாகும்.