டாக்காவும் பாலிதீன் பையும்: கழிபொருளின் விலை குறித்து ஓர் ஆராய்ச்சி

வறிய நாடுகளைப் பிளாஸ்டிக் குப்பை வருத்துவதைப் பற்றி எழுதுவோர், அந்நாட்டு மக்களின் அசிரத்தையையும் நகரசபைகளின் திறமைக் குறைவையும் காரணமாகக் காட்டி அமைந்துவிடுவது வழக்கம். இவ்வபிப்பிராயம் முற்றும் பிழையென்று தள்ளத்தக்கதன்று எனினும், வங்காளதேசத்தின் அனுபவத்தை நிதானமாக நோக்குவோர்க்கு இது விஷயத்தின் மேற்புறத்தை மட்டும் தொட்டு நிற்கும் வாதமென்பது புலனாகும். உலக வங்கி 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டு நகரவாசி ஒருவர் ஓராண்டில் உபயோகித்த பிளாஸ்டிக் 2005-இல் 3 கிலோவாக இருந்து 2020-இல் 9 கிலோவாயிற்று. டாக்காவில் மட்டும் அது 22 கிலோவைத் தாண்டியது. ஐரோப்பாவிலோ சராசரி 100 கிலோவுக்கும் மேல். நாலில் ஒரு பங்கும் உபயோகியாதவனுடைய ஊர்ச் சாக்கடை அடைபட்டுக் கிடக்க, அவ்வளவையும் உபயோகிப்பவனுடைய வீதி துப்புரவாய் இருப்பானேன் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

டாக்கா வீதிகளில் குப்பையைப் பொறுக்குவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பொறுக்கிப் பிழைக்கும் தெருச்சிறுவனை ஓவியர் ரஃபீகுன் நபி 1978-இல் ‘பிசித்ரா’ வாரப் பத்திரிகையில் ‘டோகாய்’ என்னும் கேலிச்சித்திரப் பாத்திரமாக வரையத் தொடங்கியபின், அப்பெயரே அத்தொழிலில் உள்ள குழந்தைகளுக்கெல்லாம் பொதுப்பெயராகிவிட்டது. ஒரு தேசத்தின் பேச்சுவழக்கில் இடம்பெறும் அளவுக்கு அங்கே பொறுக்குவோர் கூட்டம் பெரிது. அவர்கள் சேர்க்கும் தண்ணீர்ப் புட்டியும் உடைந்த வாளியும் நாற்காலிக் காலும் ‘பாங்காரி’ எனப்படும், நம் ஊர்க் காயலான் கடைக்கு ஒப்பான, கடைகளில் எடைபோட்டு வாங்கப்பட்டு, பழைய டாக்காவின் இஸ்லாம்பாக் சந்துகளில் நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, கழுவி, நறுக்கி, உருக்கி, மீண்டும் குருணையாகின்றன. இவ்வளவு சுறுசுறுப்பான ஒரு வியாபாரம் மெல்லிய பாலிதீன் பையிடம் வந்தவுடன் நின்றுவிடுகிறது. பை ஒன்றின் எடை மூன்று கிராம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சேர்க்க 330-க்கு மேற்பட்ட பைகளைக் குனிந்து எடுக்கவேண்டும். அவற்றுள் பெரும்பாலானவை மீன்நீரும் சேறும் படிந்தவை. கழுவும் கூலி, கிடைக்கும் விலையை விழுங்கிவிடும். பசித்திருக்கும் சிறுவனும் குனிந்து எடுக்காத ஒரு பொருளை, நகரசபை ஊழியர் எடுப்பாரென்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை. ஆகவே வறிய நாட்டில் பிளாஸ்டிக்கின் தீமை அதன் மொத்த அளவைப் பொறுத்ததன்று, அதில் கழிவிலை இல்லாத பகுதி எவ்வளவு என்பதைப் பொறுத்தது என்பது என் கருத்து. அலுமினியப் படலமும் பிளாஸ்டிக்கும் பிரிக்கமுடியாதபடி ஒட்டிய சிறு பொட்டலமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஷாம்புவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்த வித்தையில் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் முன்னோடி என்று நம்மவர் பெருமை பேசும்போது, வெறும் பொட்டலம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

அது எங்கே போகிறது என்பதற்கு டாக்கா பிரத்தியட்சமான விடை. நதிகள் கொணர்ந்த வண்டல் மேட்டில் அமைந்த அந்நகரத்தில் மழைநீர், கால்வாய்களின் வழியே மெல்ல நகர்ந்து புரிகங்கை முதலிய ஆறுகளை அடையவேண்டும். 1988, 1998 ஆகிய இரு பெருவெள்ளங்களிலும் நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீரில் மூழ்கியது. பாலிதீனால் வெள்ளம் வந்தது என்று ஒருவரும் சொல்லார், ஆனால் வந்த நீர் வடியவொட்டாமல் சாக்கடை வாய்களை அடைத்தது அதுவே என்பது அந்நாட்டில் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்டது. நீரைவிட இலேசான அப்பொருள் மிதந்து கடலுக்குப் போய்விடும் என்று எண்ணுவதும் தவறு. வண்டலும் பாசியும் பற்றியபின் அது ஆற்றடியில் அமிழ்ந்து படுக்கை படுக்கையாகப் படிகிறது. சட்டகிராமத்தில் கர்ணபூலி ஆற்றைத் தூர்வார முயன்ற இயந்திரங்கள் மண்ணை வெட்டும் ஆற்றலுடையனவாயிருந்தும் பாலிதீன் அடுக்கில் சிக்கித் திணறின.

இத்துன்பத்தைக் கண்டு, 2002 ஜனவரியில் டாக்காவிலும் மார்ச்சில் நாடெங்கும் மெல்லிய பாலிதீன் பைகளை விலக்கி, உலகத்திலேயே அவ்வாறு சட்டம் செய்த முதல் தேசம் என்னும் கீர்த்தியை வங்காளதேசம் பெற்றது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், நாராயண்கஞ்சில் ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய சணல் ஆலை என்று பேர்பெற்றிருந்த ஆதம்ஜி ஆலை, தாங்கமுடியாத நஷ்டத்தைக் காரணமாகக் காட்டி மூடப்பட்டது. சணலைப் ‘பொன்னிழை’ என்று போற்றும் ஒரு நாடு, சணற்பைக்கு இடம் ஏற்பட்ட அதே வருஷத்தில் சணல் ஆலையை இழுத்துப் பூட்டியதை விதியின் விளையாட்டு என்று சொல்லிக் கடந்துவிட எனக்கு மனமில்லை. விலக்குவது ஓர் இலாகாவின் வேலையாகவும் மாற்றுப்பொருள் அளிப்பது வேறோர் இலாகாவின் வேலையாகவும் பிரிந்துகிடந்ததன் விளைவு அது. சில காலம் சந்தைகளில் மறைந்திருந்த பை, சட்டம் புத்தகத்தில் உறங்கத் தொடங்கியதும் திரும்பி வந்தது. பொட்டலம் கட்டச் சணலையே பயன்படுத்தவேண்டும் என்று 2010-இல் இயற்றிய சட்டமும் காய்கறிக் கடைக்காரனின் கைக்கு எட்டவில்லை.

ஏழைக்கு மலிவான பொருளைப் பறிக்கலாகாது என்று வாதிப்போர் உண்டு. அவர்களுடைய கருணையை மதிக்கிறேன். ஆயினும் அந்த மலிவு எப்படி வந்தது? சாக்கடையைத் தோண்டும் கூலியும், ஆற்றைத் தூர்வாரும் செலவும், வெள்ளநீர் நின்ற குடிசையில் நோயுற்ற குழந்தையின் மருந்துச் செலவும் பையின் விலையில் சேராமல் விடப்பட்டதனால் வந்தது. அச்செலவின் பெரும்பகுதி தாழ்ந்த இடங்களில் குடியிருக்கும் அதே ஏழையின் தலையில் விழுகிறது. பை செய்பவனிடம் முன்னரே ஒரு தொகை வசூலித்து, பழைய பையைக் கொணர்பவனுக்கு அதைக் கொடுக்க வழிசெய்தால், டோகாய்ச் சிறுவன் குனிவான். கடைக்காரனைப் பிடித்து அபராதம் போடும் அதிகாரியைக்காட்டிலும் அவன் கண் கூர்மையானது. குழந்தையின் உழைப்பின்மேல் ஒரு கொள்கையைக் கட்டுவதா என்ற ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அவன் இன்றும் அங்கேதான் நிற்கிறான். அவனுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது தனி வழக்கு.

மாற்றுப்பொருளைத் தேடும் முயற்சியும் நடந்தது. விஞ்ஞானி முபாரக் அகமது கான் சணலின் செல்லுலோஸிலிருந்து செய்த ‘சோனாலி’ பை, பார்வைக்குப் பாலிதீனை ஒத்ததாயினும் மண்ணில் மக்கிப்போவது. டெம்ராவில் உள்ள லத்தீப் பவானி சணல் ஆலையில் அதைப் பரீட்சார்த்தமாக உற்பத்தி செய்தார்கள், எனினும் சந்தைக்கு வேண்டிய அளவில் அது வளரவில்லை. 2024 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பெரிய அங்காடிகளிலும், நவம்பர் முதல் தேதியிலிருந்து காய்கறிச் சந்தைகளிலும் பாலிதீன் பை கூடாதென்று இடைக்கால அரசு மறுபடியும் ஆணையிட்டது. 22 ஆண்டுகளுக்கு முன்பே விலக்கப்பட்ட அதே பைதான் அது.