சுருங்கிய படமும் இரவல் இடமும்

1957ஆம் ஆண்டில், அமெரிக்க அரசாங்கத்தின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் வேலை பார்த்துவந்த ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர், மூன்று மாதக் குழந்தையாயிருந்த தம் மகன் வால்டனின் புகைப்படத்தை ஓர் உருளையில் சுற்றி, தாமும் தம் சகாக்களும் அமைத்த கருவியின் முன் சுழலவிட்டு, அதன் ஒளியையும் நிழலையும் எண்களாக்கிக் கணிப்பொறிக்குள் செலுத்தினார். இவ்விதம் முதன்முதலாகக் கணிப்பொறி புகுந்த அந்தப் படம் ஐந்து சென்டிமீட்டர் சதுரமே. பக்கத்துக்கு 176 புள்ளிகள், ஆகமொத்தம் 30,976. பொறியின் நினைவகத்தில் அதற்கு மேல் இடமில்லை. ஆகவே, படத்தைக் குறுக்குவது பிற்காலத்தார் கண்டுபிடித்த சௌகரியமன்று. படம் எண்ணாக மாறிய அன்றே அதனுடன் கூடப்பிறந்த நிர்ப்பந்தம்.

இடப் பஞ்சம் மெல்ல நீங்கிய பிற்பாடு வழிப் பஞ்சம் வந்தது. 1990களின் முற்பகுதியில் வீட்டுத் தொலைபேசிக் கம்பியோடு இணைத்த மோடம், விநாடிக்கு 14,400 பிட்டு அனுப்பினாலே வேகமானதென்று பெயர் பெற்றது. 640க்கு 480 புள்ளி கொண்ட சாதாரண வர்ணப் படமோ, புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் 9,21,600 பைட்டுகள். அதைக் குறுக்காமல் அந்தக் கம்பியில் விட்டால் எட்டரை நிமிஷம் பிரயாணம் செய்யும். அதுவரை வீட்டிலுள்ள வேறொருவர் தொலைபேசியைத் தொடவும் முடியாது.

இந்த எட்டரை நிமிஷத்தை ஒரு நிமிஷமாக்கிய உபாயத்துக்கு மூலபுருஷர் பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த நாசிர் அகமது. ஒளியும் நிழலும் மாறும் விதத்தைக் கோசைன் அலைகளின் கூட்டாகக் கணிக்கலாம் என்ற தம் யோசனைக்கு 1972இல் அவர் தேசிய விஞ்ஞான அறக்கட்டளையிடம் பொருளுதவி கேட்க, யோசனை மிகவும் எளிதாயிருக்கிறது என்ற அபிப்பிராயத்தால் அது மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடாமல், தம் மாணவர் டி. நடராஜனையும் நண்பர் கே. ஆர். ராவையும் துணையாகக் கொண்டு ஆராய்ச்சியை முடித்து, 1974 ஜனவரியில் பிரசுரித்தார். அந்தக் கணக்கின் மேல் எழுந்ததுதான், நிபுணர் குழுவொன்று பல ஆண்டுகள் கூடிப் பேசி 1992இல் சர்வதேச நியமமாக்கிய ஜேபெக்.

அதன் சூட்சுமம் கண்ணின் பலவீனத்தில் இருக்கிறது. மெல்ல மாறும் ஒளி நிழலை நம் கண் நன்றாக அறியும். நெருக்கமாகத் துடிக்கும் நுண்ணிய வேறுபாடுகளை அவ்வளவாக அறியாது. வெளிச்சத்தின் பேதத்தை உணருமளவு வர்ணத்தின் பேதத்தை உணராது. ஆகவே, எட்டுக்கு எட்டான சிறு கட்டங்களாகப் படத்தைப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாததை உதறிவிட்டால், பார்வைக்குக் குறைவின்றியே படம் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஆனால் உதறியது உதறியதுதான். மறுபடி மறுபடி திறந்து சேமித்த படத்தில் ஓரங்கள் கலங்கி, அந்தக் கட்டங்களே மேலெழுந்து வந்து காட்டிக்கொடுக்கும். இதற்கு முன்பே, 1987இல், கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் முறை 256 வர்ணங்களோடு திருப்திப்பட்டுக்கொண்டு, உள்ளதை உதறாமல் மடித்து வைத்தது. அந்த மடிப்பு வித்தையின் காப்புரிமைக்கு யூனிசிஸ் நிறுவனம் 1994 இறுதியில் கட்டணம் கோரவே, யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாத பிஎன்ஜி 1996இல் பிறந்தது.

படம் சிறிதாயிற்று, அது தங்குவதற்கு இடம்? 1993 பிப்ரவரியில், மொசைக் உலாவியைச் செய்துகொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன் இணையப் பக்கத்தில் படம் சேர்க்க ஒரு குறியீட்டை முன்மொழிந்தார். அந்தக் குறியீட்டில் இருப்பது படமன்று, படத்தின் விலாசம் மட்டுமே. எழுத்து ஓரிடத்திலும் படம் வேறிடத்திலும் குடியிருக்கலாம். இந்தச் சௌகரியத்தை நம்பி, 2003இல் ஃபோட்டோபக்கெட், இமேஜ்ஷாக் என்ற இலவசச் சத்திரங்கள் தோன்றின. 2009இல், ஓஹியோ பல்கலைக்கழக மாணவராயிருந்த ஆலன் ஷாஃப் இம்கர் என்ற மற்றொரு சத்திரத்தைத் தொடங்கினார். அந்நாளைய காமிரா தந்த 1600 புள்ளி அகலப் படத்தை 800ஆகக் குறைத்தால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்த எண்ணற்ற பேர், தையல் மாதிரியையும், பிரித்துப் போட்ட மோட்டார் வண்டியின் உறுப்புகளையும், பேரக் குழந்தையின் முதல் நடையையும் சுருக்கிச் சுருக்கி, அந்தச் சத்திரங்களில் இறக்கி வைத்து, விலாசத்தை மட்டும் எடுத்துச் சென்று வேண்டிய பக்கங்களில் ஒட்டினார்கள்.

சத்திரத்துக்கும் செலவு உண்டு. படம் எங்கோ ஒரு பக்கத்தில் பார்க்கப்படும் ஒவ்வொரு தடவையும் அதைச் சுமந்து சென்று காட்டும் கூலி சத்திரக்காரருடையது. விளம்பரம் பார்க்க அவர் வாசலுக்கு வருவோரோ இல்லை. 2017ஆம் ஆண்டின் நடுவில், பிற பக்கங்களில் படம் காட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் செலுத்துக என்று ஃபோட்டோபக்கெட் அறிவித்தபோது, பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லிவந்த பக்கங்களில் படங்கள் மறைந்து, கட்டணம் கேட்கும் ஒரே அறிவிப்பு வரிசையாக நின்றது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் பிடியைத் தளர்த்தியது. ஆயினும் கைவிட்டுப்போன பக்கங்களைத் திரும்பிவந்து செப்பனிட எழுதியவர் பலர் அங்கே இல்லை. 2023இல் இம்கரும், கணக்கில் பதியாமல் பார்ப்பாரற்றுக் கிடந்த பழைய படங்களை நீக்கத் தொடங்கியது.

குறுக்கியதனால் நாம் இழந்தது கண் அறியாத துகள்களை. இரவல் இடத்தில் வைத்ததனால் இழந்தது முழுப் படத்தையே. கிர்ஷ் வார்த்தெடுத்த குழந்தையின் படம், மிகச் சிறிது, புள்ளிகளும் கரடுமுரடானவை. அதன் மூலப் பிரதி இன்று போர்ட்லாந்து கலைக்கூடத்தில், வெளியே எடுத்துக் காட்டவும் தாங்காத மென்மையோடு, பத்திரமாக இருக்கிறது.