எழுத்தில் வாராத அழுத்தம்

அலுவலின் பொருட்டுப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர் பலர்க்கும் பணியிடத்தில் ஆங்கிலமே துணை. மேலதிகாரி ஒருவர், ‘ஐ டிட் நாட் ஸீ யுவர் லெட்டர் டுடே’ என்கிறார் எனக் கொள்வோம். ‘இன்று நான் உம் கடிதத்தைப் பார்க்கவில்லை’ என்பது அதன் நேர்பொருள். ‘ஐ’ என்னும் சொல்லை அவர் அழுத்தினால், வேறு எவரேனும் பார்த்திருக்கலாம் என்பது குறிப்பு. ‘யுவர்’ என்பதை அழுத்தினால், பிறர் கடிதங்களைப் பார்த்தார், உம்முடையதைப் பார்க்கவில்லை என்றாகும். அழுத்தம் ‘டுடே’ மீது விழுந்தாலோ, நேற்றே பார்த்துவிட்டார் போலும் என்று நாம் சற்று ஆறுதல் கொள்ளலாம். தாளில் எழுதினால் மூன்றும் ஒன்றே.

ஆங்கிலேயர்க்கு இந்நுட்பம் தாய்ப்பாலோடு வந்தது; ஆகவே அதனைக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்களுக்கு எளிதில் எழவில்லை. 18ஆம் நூற்றாண்டில் அதனைப் பாடமாக்கியவர்களுள் பலர் இங்கிலாந்துக்குப் புறத்தே பிறந்தோர். அவர்களுள் தலையாயவர் தாமஸ் ஷெரிடன். அயர்லாந்துக்காரர், நடிகர், டப்ளின் நாடக அரங்கொன்றை நடத்தியவர். பள்ளிகள் எழுத்தைக் கற்பிக்கின்றனவேயன்றி உயிருள்ள குரலைக் கற்பிப்பதில்லை என்பது அவர் மனக்குறை. பாதிரிமார் தகாத சொல்லை அழுத்தி வழிபாட்டு நூலின் பொருளையே சிதைக்கின்றனர் என்றும் அவர் கடிந்தார். 1761இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்க 300 பேருக்கு மேல் திரண்டனர். லண்டனுக்குச் சென்று வாழ வேண்டிய ஸ்காட்லாந்தியர்க்குப் பேச்சு முறை பிழைப்போடு பிணைந்த செய்தி அல்லவா! அச்சொற்பொழிவுகள் 1762இல் நூலாயின. ஓர் அயர்லாந்துக்காரர் ஆங்கில உச்சரிப்புக்கு விதி வகுப்பதா என்று அகராதி ஆசிரியர் ஜான்சன் எள்ளினார். புறத்தேயிருந்து வந்த செவிக்கே இவ்வேறுபாடு முதலில் புலப்படும் என்பது நம் கருத்து.

1775இல் ஜோஷுவா ஸ்டீல் என்னும் மற்றோர் அயர்லாந்துக்காரர், பேச்சின் ஏற்ற இறக்கத்தை மேனாட்டு இசைக் குறிகளின் துணையால் எழுதிக் காட்டினார். எடின்பரோ பேராசிரியர் ஹியூ பிளேர் 1783இல் வெளியிட்ட நூலில், இன்று நகருக்குக் குதிரையேறிச் செல்கிறீரா என்னும் பொருளுடைய எளிய வினா ஒன்று, அழுத்தம் மாற மாற நான்கு வினாவாவதை விளக்கினார். அமெரிக்காவிற் பிறந்த லிண்ட்லி மர்ரி 1795இல் இயற்றிய இலக்கணம் அதே வினாவை எடுத்தாண்டது. அந்நூல் பன்முறை அச்சேறிப் பள்ளிதோறும் பரவியது.

தமிழர்க்கு இஃது ஏன் இடர்ப்படுகிறது? தமிழில் இப்பணியின் பெரும்பகுதியை இடைச்சொல்லே செய்துவிடுகிறது. ‘நானே பார்த்தேன்’, ‘இன்றுதான் பார்த்தேன்’ என்றால் குறிப்பு எழுத்திலேயே நிற்கும். ஒன்றைப் பிறவற்றினின்று பிரித்துக் காட்டும் இந்த ஏகாரத்தைத் தொல்காப்பியம் பிரிநிலை என வகுத்துள்ளது. ஆங்கிலத்திலும் இதற்கெனச் சில சொற்றொடர்கள் உண்டு. ஆயினும் பேச்சில் அவர்கள் பெரிதும் நம்புவது குரலையே. சொல்லின் ஈற்றை நோக்கிப் பழகிய நம் செவி, குரல் எங்கே ஓங்கியது என்பதைத் தவறவிடுகிறது.

ஆங்கிலம் கற்பிப்போர்க்குப் பயிற்சியளிக்க ஹைதராபாத்தில் 1958இல் ஒரு மத்திய நிறுவனம் தோன்றியது. 2007இல் அது பல்கலைக்கழகமாயிற்று. அங்கே பணியாற்றிய ஆர். கே. பன்சால் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியர் பேசும் ஆங்கிலம் அயலார்க்கு விளங்காமற் போகும் காரணங்களுள் இடம் மாறிய அழுத்தத்தையும் எடுத்துக் காட்டியது.