நட்சத்திர மீன்: மீனும் அல்ல, ஆற்றிலும் இல்லை!

மோகனூர் காவிரியில் வலை வீசினால் கெண்டை கிடைக்கும், கெளுத்தி கிடைக்கும். நட்சத்திர மீன் மட்டும் கிடைக்கவே கிடைக்காது. காவிரியில் மட்டுமல்ல, உலகின் எந்த ஆற்றிலும் அது இல்லை. ஏன் தெரியுமா?

நட்சத்திர மீனுக்கு மூளை கிடையாது. நம்மைப் போன்ற இரத்தமும் கிடையாது. கடல்நீரே அதன் உடலுக்குள் குழாய்களில் ஓடி, கைகளின் அடியிலுள்ள சின்னஞ்சிறு குழாய்க் கால்களை அசைக்கிறது. உடலின் உப்பைச் சீராக வைத்துக்கொள்ளும் வசதி இல்லாததால் நன்னீரில் அதனால் பிழைக்க முடியாது. முதுகெலும்பும் இல்லை, செவுளும் துடுப்பும் இல்லை. ஆக, இது மீனே அல்ல! கடல் அர்ச்சின், கடல் வெள்ளரி போல இதுவும் முட்தோலி இனம்.

சாப்பிடும் விதம் இன்னும் ஆச்சரியமானது. பல வகைகள் சிப்பியைக் குழாய்க் கால்களால் இழுத்துத் திறந்து, தம் இரைப்பையையே வெளியே தள்ளி, சிப்பிக்குள் விட்டுச் செரித்துவிடும். முத்துச் சிப்பியின் எதிரிகளில் நட்சத்திர மீனும் ஒன்று.

இனி பெயர் வரலாறு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோகான் ஹைன்ரிச் லிங்க் என்ற மருந்துக் கடைக்காரர் இருந்தார். கடல் பொருட்களைச் சேகரித்து, 1733ல் நட்சத்திர மீன்களுக்கென்றே தனி நூல் வெளியிட்டார். 1758ல் லின்னேயஸ் இவற்றுக்கு 'ஆஸ்டீரியாஸ்' என்று பெயரிட்டார். 1830ல் பிளான்வில் என்ற பிரெஞ்சு அறிஞர், சிவப்புக் குமிழ்கள் கொண்ட ஓர் இனத்துக்கு லிங்கின் பெயரையே சூட்டினார். நமது மன்னார் வளைகுடாவில் வாழும் அந்த இனம் இன்று 'புரோட்டோரியாஸ்டர் லிங்கி' எனப்படுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடியில் சேகரித்த முட்தோலிகளைப் பற்றி லண்டனில் 1888ல் அறிக்கை வெளியானது.

ஆங்கிலத்தில் 'ஸ்டார்ஃபிஷ்' என்பது தவறு என்று அறிவியலாளர்கள் பலர் இப்போது 'சீ ஸ்டார்' என்கிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே பெயர்த்து நாமும் 'நட்சத்திர மீன்' என்றோம். ஆனால் தமிழில் 'மீன்' என்றாலே நட்சத்திரம் என்றும் பொருள் உண்டு. அருந்ததி வடமீன், கார்த்திகை அறுமீன்! எனவே 'கடல் விண்மீன்' என்று சொன்னால் பிழையும் இல்லை, அழகும் கூடும்.

லைப்சிக்கும் மோகனூர் போலக் கடல் இல்லாத ஊர்தான். கடலை அறியக் கடற்கரையில் பிறக்க வேண்டியதில்லை என்பதற்கு லிங்கே சாட்சி.