1962 ஜாகர்த்தா: இந்தியக் காற்பந்துக் குழுத் தேர்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கோல்களின் கணக்கிலிருந்தே தொடங்குகின்றனர். யார் அடித்தார், எத்தனையாவது நிமிடத்தில் அடித்தார் என்பன எளிதில் கிடைக்கும் செய்திகள். ஆட்டம் தொடங்குமுன் பதினொருவர் பெயரை எழுதியவர் எதைக் கருதி எழுதினார் என்பது அரிதாகவே ஆராயப்படுகிறது. 1962ஆம் ஆண்டு ஜாகர்த்தாவில் நடைபெற்ற நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் காற்பந்துக் குழு தங்கப் பதக்கம் வென்றது. அவ்வெற்றிக்கு முன் எடுக்கப்பட்ட இரண்டு தேர்வு முடிவுகளை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்னும் இரண்டும் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்பதைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். ஆளை ஆராய்ந்து தெளிவது ஒன்று. தெளிந்த ஆளை உரிய வினையில் அமர்த்துவது மற்றொன்று. காற்பந்துத் தேர்வு குறித்த விவாதங்கள் முதலாவதோடு நின்றுவிடுகின்றன என்பதும், ஜாகர்த்தாவின் வரலாறு இரண்டாவதையே முதன்மைப்படுத்துகிறது என்பதும் நம் கருத்து.

பயிற்றுநரும் பின்னணியும்

அக்குழுவின் பயிற்றுநர் சையத் அப்துல் ரஹீம் ஆவார். ஹைதராபாத்தைச் சேர்ந்த அவர் ஆசிரியப் பணி புரிந்தவர். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் காவல்துறைக் குழு 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. அவரது பயிற்சியின்கீழ் இந்தியா 1951இல் புதுதில்லியில் ஈரானை 1–0 என வென்று ஆசியத் தங்கம் பெற்றது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பெருந்தோல்வி உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 1–10 எனத் தோற்றது. வெறுங்காலுடன் ஆடும் பழக்கம் அதன்பின் கைவிடப்பட்டது. ஆட்ட முறையும் மாறத் தொடங்கியது. தோல்வியிலிருந்து முறையை மாற்றிக்கொள்ளும் இவ்வியல்பைப் பின்னர் ஜாகர்த்தாவிலும் காண்கிறோம்.

குழுவின் அமைப்பு

1962ஆம் ஆண்டுக் குழுவின் தலைவர் வங்காளத்தைச் சேர்ந்த சுனி கோஸ்வாமி. பி.கே. பானர்ஜியும் துளசிதாஸ் பலராமும் அவரோடு சேர்ந்து தாக்குதல் வரிசையின் புகழ்பெற்ற மூவராக விளங்கினர். தற்காப்பின் தூணாகப் பஞ்சாபைச் சேர்ந்த ஜர்னைல் சிங் இருந்தார். பீட்டர் தங்கராஜ், பலராம், எத்திராஜ், அருமைநாயகம் ஆகிய பெயர்கள் அக்குழுவில் இடம்பெற்றிருந்தமை தமிழ் வாசகர்களின் கவனத்துக்குரியது.

இப்பெயர்களைக் கண்டவுடன் அவற்றைத் தமிழகத்தின் கணக்கில் வரவு வைப்பது எளிது. ஆனால் அது முழு உண்மையாகாது. பலராம் தமிழ்ப் பெற்றோருக்கு மகனாகச் செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் பிறந்தார். கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் புகழ் பெற்றார். தங்கராஜும் ஹைதராபாத்தில் பிறந்தவரே. இராணுவக் குழுவில் ஆடி வளர்ந்தவர். ஆங்கிலேயர் அமைத்த படைவீட்டு நகரங்களான செகந்திராபாத்திலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் காற்பந்தைத் தம் ஆட்டமாக்கிக்கொண்ட வரலாறு இப்பெயர்களுக்குப் பின்னே உள்ளது. வேலை தேடிப் பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் புதிய மண்ணில் ஆட்டக்காரர்களாக உருவாகிய அனுபவம் மலாயாத் தமிழருக்கும் அயலானதன்று.

கல்கத்தாவும் ஹைதராபாத்தும் அன்றைய இந்தியக் காற்பந்தின் இரு பெரும் மையங்கள். இத்தகைய சூழலில் எந்த ஊருக்கு எத்தனை இடம் என்னும் கணக்கு எழுவது இயல்பு. ரஹீம் இறுதியாட்டத்துக்கு வகுத்த வரிசையை அக்கணக்கைக் கொண்டு விளக்க இயலாது. அதனை விளக்க, எதிரணியையும் ஒவ்வோர் ஆட்டக்காரரின் அப்போதைய உடல்நிலையையும் கருத வேண்டியிருக்கிறது.

முதல் முடிவு: ஜர்னைல் சிங்கின் இடம்

பிரிவு ஆட்டங்களில் இந்தியா முதலில் தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்தை 4–1 எனவும் ஜப்பானை 2–0 எனவும் வென்று அரையிறுதிக்குச் சென்றது. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் ஜர்னைல் சிங் தலையில் காயமுற்றுத் தையல் போட்டுக்கொள்ள நேர்ந்தது. தற்காப்பு ஆட்டக்காரர் உயரப் பந்துகளைத் தலையால் முட்டி விலக்கிக்கொண்டே இருக்க வேண்டியவர். காயம்பட்ட தலையுடன் அப்பணியைச் செய்வது இடருடையது.

ரஹீமுக்கு முன் இரண்டு வழிகள் தெளிவாக இருந்தன. ஜர்னைலை விலக்கி வேறொருவரைச் சேர்ப்பது ஒன்று. இடர் இருந்தாலும் அவரைப் பழைய இடத்திலேயே ஆடவிடுவது மற்றொன்று. அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். ஜர்னைலை நடுத் தாக்குதல் ஆட்டக்காரராக முன்னே நிறுத்தி, தற்காப்பை அருண் கோஷ், சந்திரசேகர், திரிலோக் சிங் ஆகியோரிடம் ஒப்படைத்தார். தென்வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3–2 என வென்றது. சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் ஜர்னைல் ஒரு கோலும் அடித்தனர்.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெற்றி கிட்டியதால் மட்டுமே ஒரு முடிவு சரியானதாகிவிடாது. வெற்றிக்குப் பின் எல்லா முடிவுகளும் அறிவார்ந்தவையாகவே தோன்றும். ஆயினும் ஜர்னைலின் இடமாற்றம் அரையிறுதியிலேயே சோதிக்கப்பட்டது. அதன் பயனைக் கண்ட பின்னரே இறுதியாட்டத்திலும் தொடரப்பட்டது. ஆதலால் இறுதியாட்ட வரிசையைச் சூதாட்டம் என்பது பொருந்தாது.

இரண்டாம் முடிவு: கோல் காவலர்

இரண்டாம் முடிவு இதற்கு நேர்மாறானது. போட்டியின் இடையில் தங்கராஜ் காய்ச்சலுற்றபோது பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். வென்று வந்த குழுவை மாற்றாதிருப்பதே பயிற்றுநர்களின் பொது வழக்கம். ரஹீமோ இறுதியாட்டத்துக்குத் தங்கராஜை மீண்டும் அழைத்தார். தென்கொரியரின் உயரப் பந்துகளை எதிர்கொள்ள உயரமான காவலர் வேண்டும் என்பது அம்முடிவின் அடிப்படை. முதல் ஆட்டத்தில் அதே எதிரணியிடம் பெற்ற தோல்வி இங்குப் பாடமாகியிருக்கிறது எனக் கருதுகிறோம்.

தொடக்கத்தில் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்த தங்கராஜ் பின்னரே கோல் காவலராக மாறியவர். ஆக, முன்னே இருந்து பின்னே வந்த ஒருவரும் பின்னே இருந்து முன்னே சென்ற ஒருவரும் அவ்விறுதியாட்டத்தில் ஒரே குழுவில் நின்றனர். இடம் என்பது பிறப்பிலேயே எழுதப்பட்டதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்காலப் பன்னாட்டு ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரரை இடையில் இறக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. உலகக் கிண்ண இறுதிச்சுற்றில் அது 1970இல்தான் முதன்முதலாக இசைவு பெற்றது. எனவே காயமுற்ற ஒருவரையும் நோயினின்று எழுந்த ஒருவரையும் சேர்த்து எழுதிய பட்டியலுக்கு இன்றைய பட்டியல்களைவிடக் கனம் அதிகம்.

செப்டம்பர் 4

இறுதியாட்டம் 1962 செப்டம்பர் 4ஆம் நாள் நடைபெற்றது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா இடமளிக்காததை இந்திய ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அதனால் எழுந்த சினத்தில் முந்திய நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டிருந்தது. அரங்கம் பகைமையோடு ஆரவாரித்தது. அச்சூழலில் 17ஆம் நிமிடத்தில் பானர்ஜியும் 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். ஆட்டம் முடியும் தறுவாயில் தென்கொரியா ஒரு கோல் திருப்பியது. இந்தியா 2–1 என வென்றது. மற்றோர் அரையிறுதியில் அதே தென்கொரியாவிடம் 1–2 எனத் தோற்ற மலாயா, தென்வியட்நாமை 4–1 என வென்று வெண்கலம் பெற்றதையும் நாம் இங்கு நினைவுகூர வேண்டும்.

முடிவுரை

ரஹீம் 1963 ஜூன் மாதத்தில் புற்றுநோயால் காலமானார். பலராம் அதே காலத்தில் நோயின் காரணமாக இளம் வயதிலேயே ஆட்டத்திலிருந்து விலகினார், 2023இல் மறைந்தார். இந்தியா 1970 பாங்காக் போட்டியில் வெண்கலம் பெற்றது. அதன்பின் 2023 ஹாங்சோ வரை ஆசிய விளையாட்டுப் போட்டிக் காற்பந்தில் ஆடவர் பதக்கம் எதையும் பெறவில்லை. ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் 2024இல் வெளிவந்து பழைய நினைவைப் புதுப்பித்தது.

ஆயினும் அந்நினைவில் பர்மனுக்குக் கிடைப்பது சிறிய இடமே. தன் பணியில் குறையேதும் வைக்காத ஒருவர், எதிரணியின் தன்மை காரணமாகவே இறுதியாட்டத்தில் இடம் இழந்தார். சரியான தேர்வும் ஒருவருக்கு இழப்பாகவே முடிகிறது. அவ்விழப்பைக் குறிப்பிடாத வரலாறு தேர்வின் கடுமையை உணர்த்தாது. திறமையுள்ளோர் இயல்பாகவே இடம் பெறுவர் என்னும் தவறான எண்ணத்தையே மாணவர்க்கு ஊட்டும்.

நம் பள்ளிகளில் விளையாட்டுக்கும் நாடகத்துக்கும் பேச்சுப் போட்டிக்கும் ஆண்டுதோறும் தேர்வுகள் நடைபெறுகின்றன. தேர்ந்தவர் யார் என்பதோடு, எவ்விடத்துக்கு, எக்காரணத்தால், யாரை விலக்கி என்பனவற்றையும் மாணவர் முன் எடுத்துரைப்பது ஆசிரியர் கடன். தாமும் ஆசிரியராயிருந்த ரஹீமின் ஜாகர்த்தா முடிவுகளை வரலாற்றுப் பாடமாகப் பயில்வதற்கு இதுவே தக்க காரணம் என்பது எமது துணிபு.